குறை உங்கள் தூய்மையில் இல்லை



பெற்ற தாயிடம்கூடச் சொல்லத் தயங்கிப் பெண்கள் தமக்குள்ளேயே வைத்து வருந்தும் நோய்களுள் ஒன்று, பிறப்புறுப்பில் உண்டாகும் பூஞ்சைத் தொற்றாகும். அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். சிலருக்கோ ஓராண்டிலேயே மூன்று முறையும் அதற்கு மேலும் வந்து வாட்டுகிறது.

அத்தகைய பெண்ணை நோக்கி, “சுத்தம் போதாது” என வீட்டார் குறை கூறுவதுண்டு. சில இல்லங்களில் கணவரின் உள்ளத்தில் வீண் ஐயமும் முளைக்கிறது. இரண்டுமே தவறு. கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் இப்பூஞ்சை, நலமாயுள்ள பெண்கள் பலரின் உடலிலும் தீங்கின்றி வாழ்வதே. இதனைப் பால்வினை நோயாக மருத்துவர்கள் கருதுவதில்லை.

பின் ஏன் சிலருக்கு மட்டும் ஓயாத தொல்லை? இதற்கான விடையின் ஒரு பகுதி இரத்தத்திலும் மரபணுவிலும் இருக்கிறது. கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் உலவும் மன்னோஸ் பைண்டிங் லெக்டின் என்னும் புரதம், பூஞ்சையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அதனை அழிக்க வேண்டிய பகையென வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. இப்புரதத்தைக் குறைக்கும் மரபணு மாறுதல், இந்நோய் மீண்டும் மீண்டும் வரும் பெண்களிடம் மிகுதியாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன.

வெள்ளணுக்களின் மேல் டெக்டின்-1 என்னும் மற்றொரு காவலாளி உண்டு. பூஞ்சையை இனங்காண்பது அதன் பணி. 2009-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே குடும்பத்தில் பிறப்புறுப்புத் தொற்றினாலோ நகப் பூஞ்சையினாலோ வருந்திய நான்கு பெண்களிடம், இக்காவலாளியின் மரபணுவில் ஒரே வகைப் பழுது இருந்தது தெரியவந்தது. பிறவியில் அமைந்த இதற்கு எந்தப் பெண்ணைக் குறை சொல்ல இயலும்?

எனினும், இம்மாறுதல்கள் நோயற்றவர்களிடமும் காணப்படுகின்றன. ஆகவே மரபணுச் சோதனைக்கெனப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. பிறப்புறுப்புக் கசிவைச் சோதித்து, நோய் இதுதானா, பூஞ்சை எவ்வகை என அறிவதே முதற்கடமை. சர்க்கரை நோய் உண்டா எனவும் பார்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் மருந்துகளும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளும் இத்தொற்றைத் தூண்டக்கூடும். அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் கூறுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

வாரம் ஒருமுறை புளூகோனசோல் மாத்திரையை ஆறு மாதம் உட்கொண்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 91 பேர், அக்காலம் முடியும்வரை நோயின்றி இருந்தனர் என 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் சென்றபின், அவ்வாறு இருந்தோர் 43 பேரே. எனவே நோய் திரும்பினால் மனம் தளராது மீண்டும் மருத்துவரை நாடுங்கள். கர்ப்பிணிகள் இம்மாத்திரையைத் தவிர்த்து, மருத்துவர் தரும் மேற்பூச்சு மருந்தையே பயன்படுத்த வேண்டும். சோப்பு, கிருமிநாசினி கொண்டு உட்புறத்தைக் கழுவுவது எரிச்சலையே வளர்க்கும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

உம்மாமார்களே, மாமிமார்களே! வீட்டுப் பெண் இத்துன்பத்தைக் கூறினால் அவளைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணவன்மார்களே! இரத்தத்தில் உள்ள ஒரு குறைக்காக, இல்லாளின் நடத்தையை எடைபோடாதீர்கள்.