வாழை இலைக் கட்டு முதல் மரவள்ளி மாவு வரை: தாவரங்களால் நம் தோலை வளர்க்க முடியுமா?

ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு. சேலம் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கையாலேயே மாவைச் சுற்றி வைக்கும் பெண்கள், பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி. ஒரு சொட்டு தெறித்தால் போதும், கையில் கொப்புளம். உடனே ஒருவர் மஞ்சளோடு ஓடி வருவார், இன்னொருவர் டூத் பேஸ்ட், இன்னொருவர் இட்லி மாவு. பெரிய காயமாக இருந்தால், "வாழ இலையில படுக்க வைங்க" என்று ஒரு பாட்டியின் குரல் கேட்கும்.

பாட்டி சொன்ன இந்த வாழை இலையை டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மும்பை சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையின் டாக்டர்கள், தீக்காயத்துக்கு வாழை இலைக் கட்டுப் போட்டுப் பார்த்து, முடிவை 2003-ல் தீக்காய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே மும்பையில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டதில் காயம் ஆறுவதில் வித்தியாசம் இல்லை. செலவில்தான் வித்தியாசம். வாழை இலைக் கட்டுக்கு ஆன செலவு, உருளைக்கிழங்குத் தோல் கட்டில் 11-ல் ஒரு பங்கு.

இலை என்ன செய்கிறது? மருந்து எதையும் அது காயத்துக்குள் விடுவதில்லை. தோலின் மேல் பகுதி மட்டும் வெந்திருந்தால், முடி வேரிலும் வியர்வைச் சுரப்பியிலும் உயிரோடு மிச்சம் இருக்கும் செல்கள் மெல்ல நகர்ந்து வந்து புதுத் தோலை மூடும். அதற்கு ஈரம் வேண்டும், கிருமி இருக்கக் கூடாது, யாரும் அதைப் பிய்க்கக் கூடாது. சாதாரண பஞ்சுக் கட்டு காயத்தோடு ஒட்டிக் காய்ந்துவிடும். பிரிக்கும்போது உயிர் போகும், புதுத் தோலும் கூடவே பிய்ந்து வரும். வாழை இலையின் வழுவழுப்பான மெழுகுப் பரப்பு ஒட்டாது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ஆனால் தோட்டத்தில் அறுத்த இலை வேறு, அங்கே கட்டிய இலை வேறு. அவர்கள் இலையைத் துடைத்து, பேண்டேஜ் துணியில் ஒட்டி, ஆட்டோகிளேவ் கருவியில் நீராவி அழுத்தத்தில் வைத்து, கிருமி இல்லாமல் ஆக்கிய பிறகே போட்டார்கள். பூச்சிமருந்தும் புழுதியும் படிந்த இலையை வெந்த உடம்பில் வைப்பதும் அதுவும் ஒன்றல்ல.

சரி, செடியே சதையாக மாறுமா?

மாறாது. இந்த ஆராய்ச்சி பற்றி வரும் செய்திகளில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். கட்டடம் எழும்ப சாரம் கட்டுகிறோம் இல்லையா, தாவரம் அந்தச் சாரம் மாதிரி. அதில் ஏறி வீடு கட்டுவது மனித செல்கள்தான்.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பெல்லிங் குழு 2014-ல் ஆப்பிள் துண்டை எடுத்து, சோப்புக் கரைசல் போன்ற திரவத்தால் அதன் செல்களைக் கழுவி எடுத்தது. மிச்சம் நின்றது வெறும் செல்லுலோஸ் கூடு. அதில் பாலூட்டிகளின் செல்கள் வளர்ந்தன. பிறகு அந்தக் கூட்டை எலிகளின் தோலுக்கு அடியில் வைத்தபோது, உள்ளே ரத்தக் குழாய்களும் வந்தன. 2017-ல் அமெரிக்காவின் உஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட் பசலைக் கீரையில் இதையே செய்தது. இலை நரம்புகள் ரத்தக் குழாய் போலவே கிளை கிளையாகப் பிரிவதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இலையில் வைத்த மனித இதயத் தசை செல்கள் 3 வாரம் வரை துடித்தன. 'கீரையில் இதயம் செய்துவிட்டார்கள்' என்று அப்போது தலைப்பு போட்டவர்கள் உண்டு. செய்யவில்லை. துடித்தது செல்கள், அதுவும் ஆய்வகத் தட்டில்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. ஆப்பிள் கூடு வைத்தால் அது உள்ளேயே இருக்கும். நிரந்தரமாக ஒரு தாங்கல் வேண்டிய இடத்தில் அது நல்லது. வேலை முடிந்ததும் கரைய வேண்டிய இடத்தில் சரிப்படாது. அங்கேதான் மாவுச்சத்து வருகிறது. சோற்றைக் கரைக்கும் அமைலேஸ் நொதி ரத்தத்திலும் உண்டு, அது மாவுச்சத்தையும் கரைத்துவிடும். போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழகம் மக்காச்சோள மாவுச்சத்தைக் கரையும் பிளாஸ்டிக்கோடு கலந்து எலும்புக்குச் சாரம் செய்து பார்த்து வருகிறது. சுத்திகரித்த தாவர மாவுச்சத்துப் பொடி அறுவை சிகிச்சையில் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது. ரத்தம் கசியும் இடத்தில் தூவினால் நீரை உறிஞ்சி, தட்டணுக்களை ஒரே இடத்தில் குவித்து, உறைய உதவுகிறது. சில நாட்களில் கரைந்தும் போகிறது.

நம்ம ஊர் மாவு?

மாவுச்சத்து என்றதும் சேலம், நாமக்கல்காரர்களுக்கு மரவள்ளி நினைவுக்கு வரும். இங்கே கிழங்கின் விலையே மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் சேலத்தில் இருக்கிறது, மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில் இருக்கிறது, தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில். உள்நாட்டிலேயே இதய வால்வு செய்து காட்டிய ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனமும், மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே ஊரில், திருவனந்தபுரத்தில். இத்தனையும் பக்கத்தில் இருந்தும் நம் மரவள்ளியின் பெயர் ஜவ்வரிசியோடு நின்றுவிடுகிறது.

நாளைக்கே மில் மாவை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள், வெளுக்க ரசாயனம் போடுகிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை இங்கே சோதனை போட வேண்டியிருக்கிறது. சாப்பிடும் மாவுக்கே இந்த நிலை. உடம்புக்குள் வைக்கும் மாவில் செத்த பாக்டீரியாவின் எச்சம்கூட இருக்கக் கூடாது. அந்தத் தரத்தை எட்ட வருஷக்கணக்கில் பணமும் சோதனையும் வேண்டும். அதை விவசாயி தலையிலோ சிறு மில்காரர் தலையிலோ கட்ட முடியாது. அரசு நிறுவனங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

வாழை இலைக்கு அவ்வளவு காத்திருக்கவும் தேவையில்லை. இலை இங்கே விளைகிறது, ஆட்டோகிளேவ் அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, சோதனை முடிவு 2003-லேயே அச்சில் வந்துவிட்டது. இலையை விற்று லாபம் பார்க்க எந்த கம்பெனிக்கும் அவசரமில்லை, அதனால் இதைக் கையில் எடுக்க வேண்டியது சுகாதாரத் துறை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் முறையாகச் செய்து பார்த்து, சரியாக வந்தால் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொடுக்கலாம்.

அதுவரை, எண்ணெய் தெறித்தால்: வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, காயத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மஞ்சள், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். காயம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கை மூட்டிலோ பட்டிருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.