பென் டிரைவில் உள்ள படங்களை யாரும் அழிக்காமல் பூட்டுவது எப்படி?

அப்பாவின் முதலாமாண்டு நினைவு நாளுக்குப் பெரிய படம் போட, பென் டிரைவை போட்டோ கடையில் கொடுத்துவிட்டு வந்தார் அந்தப் பெண். மறுநாள் கடைத் தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, வேற கஸ்டமரோடதுன்னு நினைச்சு டெலிட் பண்ணிட்டேன். வீட்ல காப்பி இருக்கும்ல?"

இல்லை. அந்தப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன.

கம்ப்யூட்டரில் அழித்தால் 'ரீசைக்கிள் பின்'னில் தேடலாம். விண்டோஸில் பென் டிரைவிலிருந்து அழிக்கும் ஃபைல்கள் பொதுவாக அங்கே போவதில்லை. அதனால் முன்பே பூட்டிவிடுவது நல்லது.

பூட்டும் வழி

* பென் டிரைவில் உள்ளதை முதலில் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்யுங்கள். அடுத்த படியில் எல்லாம் அழிந்துவிடும்.
* டிரைவை ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மேட்'டில் 'என்டிஎஃப்எஸ்' தேர்வு செய்யுங்கள். 'ஃபேட் 32' முறையில் இந்தப் பூட்டு வசதி கிடையாது.
* ஃபைல்களைத் திரும்ப ஏற்றுங்கள்.
* மீண்டும் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'எடிட்'. அதில் 'எவ்ரிஒன்' என்பதற்கு நேராக உள்ள 'ஃபுல் கன்ட்ரோல்', 'மாடிஃபை', 'ரைட்' மூன்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி படங்களைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், அழிக்க முடியாது. புதிதாக எதையாவது சேர்க்க வேண்டுமானால் அதே இடத்தில் மறுபடி டிக் செய்தால் போதும்.

இதையும் கவனியுங்கள்

இந்தப் பூட்டு கை தவறி அழிப்பதைத்தான் தடுக்கும். விஷயம் தெரிந்தவர் பூட்டைத் திறக்கலாம், ஃபார்மேட்டும் செய்யலாம். சில போன்களும் டிவிகளும் என்டிஎஃப்எஸ் டிரைவைப் படிக்காது. கேமராவின் பெரிய எஸ்டி கார்டு என்றால் வேலை இன்னும் சுலபம். பக்கவாட்டில் உள்ள குட்டி 'லாக்' பட்டனைத் தள்ளினாலே போதும்.

அழிந்தே போய்விட்டால்?

அந்த டிரைவில் வேறு எதையும் ஏற்றாதீர்கள். புதிய ஃபைல், பழையது இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். 'ரெகுவா', 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள்களால் தேடிப் பார்க்கலாம். மீட்டதை கம்ப்யூட்டரில் சேமியுங்கள், அதே டிரைவில் வேண்டாம்.

கடைத் தம்பி அதன்பின் எதையும் ஏற்றவில்லை என்பதால், அப்பா படங்களில் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. இப்போது அந்த வீட்டில் மூன்று காப்பிகள்: கம்ப்யூட்டரில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, பீரோவில் ஒன்று. கடைக்குப் போகும் பென் டிரைவில், பிரிண்ட் போட வேண்டிய படம் மட்டும்தான்.