அடைப்புக்குறி சொல்லும் பொருள்

கூட்டு வட்டி நம் பாடநூல்களில் எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஆயினும் பட்டப்படிப்பை முடித்தவர்களிலும் பலருக்கு அது தேர்வுக்காக மனனம் செய்து மறந்த ஒரு வாய்பாடு மட்டுமே. அதன் பொருள் முழுவதும் ஓர் அடைப்புக்குறிக்குள் இருப்பதும், அந்தக் குறியை வெறும் நிறுத்தற்குறி போல நாம் கடந்துவிடுவதும் இதற்கு முதன்மையான காரணங்கள்.

தொகை = அசல் × (1 + வீதம்)^ஆண்டுகள்

10,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு, 2 ஆண்டுகள் எனக் கொள்வோம். வாய்பாட்டின்படி 10,000 × (1.08)^2 = 11,664 ரூபாய். அடைப்புக்குறியை நீக்கி 10,000 × 1 + 0.08^2 என்று கணிப்பொறியில் இட்டால் கிடைப்பது 10,000.0064, இரண்டாண்டு வட்டி ஒரு காசுகூட இல்லை. அடைப்புக்குறியை இடம் மாற்றி அசலையும் அதற்குள் அடக்கினால், (10,000 × 1.08)^2 என்பது 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரமாகிறது. எண்கள் அனைத்தும் அவையே. எது எதனோடு சேர்ந்து அடுக்கேறுகிறது என்பது மட்டுமே மாறியது.

செயல்களின் வரிசைமுறை விதியை மனத்தில் இருத்தினாலே இப்பிழைகள் நேரா என்பர் சிலர். அவ்விதி எதை முதலில் செய்ய வேண்டும் என்று மட்டுமே கூறும்; ஏன் என்று கூறாது. காரணம் கடன் கொடுக்கல் வாங்கலிலேயே உள்ளது. அடைப்புக்குறிக்குள் உள்ள 1 என்பது அசல். வீதம் என்பது அது ஈன்ற வட்டி. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது, ஆண்டு முடிவில் வட்டியும் அசலாகிவிட்டது என்னும் அறிவிப்பு. (1.08)^2-ஐ விரித்தால் 1 + 0.16 + 0.0064. முதலாவது அசல், அடுத்தது தனிவட்டிக்குரிய 1,600 ரூபாய், இறுதியிலுள்ளது 64 ரூபாய். அந்த 64 ரூபாயே நம் வழக்கில் ‘வட்டிக்கு வட்டி’.

கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் வட்டிக்கு வட்டி பற்றிய கணக்கு ஒன்று உண்டு. அங்கே குறியீடுகள் இல்லை. பெருக்குக, கூட்டுக, மூலம் காண்க, கழிக்க, வகுக்க எனச் செயல்களின் வரிசையைச் சொற்களே காக்கின்றன. தமிழிலும் ‘ஒன்றோடு வீதத்தைக் கூட்டி, வந்ததை ஆண்டுகளின் அடுக்குக்கு உயர்த்தி, அசலால் பெருக்குக’ என்றால் மயக்கம் எழாது. ‘வந்ததை’ என்னும் ஒரு சொல் அடைப்புக்குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. வாய்பாட்டை இவ்வாறு வாக்கியமாகப் படிக்கும் பயிற்சியே வகுப்பறையில் விடுபடுகிறது.

இது மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. வைப்புநிதிகளுக்கு வங்கிகள் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியைச் சேர்க்கின்றன. அப்போது மேற்கண்ட தொகை (1 + 0.08/4)^(4×2) என்னும் கணக்கின்படி 11,716.59 ரூபாய் ஆகும். அடுக்கிலுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால் விரிதாள் 21,648.64 என்று காட்டும். பிழை என்று எச்சரிக்காது. கடனிலோ இழப்பு இன்னும் பெரிது. மாதம் 3 விழுக்காடு என்பதை ஆண்டுக்கு 36 என்றே பலர் எண்ணுகின்றனர். செலுத்தாத வட்டி மாதந்தோறும் அசலோடு சேருமாயின் (1.03)^12 ஏறத்தாழ 1.4258, அதாவது 42.58 விழுக்காடு. கடன் வாங்குபவரின் கையிலிருந்து போவது இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடே.

எனவே கூட்டு வட்டியைக் கற்பிப்போர் வாய்பாட்டிலிருந்து தொடங்காமல், ஆண்டுக்கு ஒரு வரியாக மூன்றாண்டுக் கணக்கை மாணவர் கையால் எழுதச் செய்யலாம். ஒவ்வொரு வரியிலும் அதே பெருக்கல் மீள வருவதைக் கண்ட பின், அதை ஓர் அடைப்புக்குறிக்குள் அவர்களே சுருக்கிக்கொள்வர். தாமே இட்ட குறியை எவரும் எளிதில் தவறவிடுவதில்லை.