அந்தப் பையனுக்குத் திமிர் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. பெயர் 'டோபமைன் டீடாக்ஸ்'. பிள்ளையிடமிருந்து போன், டிவி, விளையாட்டு, நண்பர்கள் எல்லாவற்றையும் ஒரு மாதம் பிடுங்கிவிட்டால் மூளை சுத்தமாகி, படிப்பில் தானாக ஆசை வந்துவிடுமாம். ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். அனுப்பிய மச்சான் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்கிறேன்: அது தப்பு. சில பிள்ளைகளுக்கு ஆபத்தும்கூட.

அதே வீடியோ வேறு வழியாக என் பழைய மாணவி ஒருத்தியிடமும் போயிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பையனின் தாய். "சார், நாளையிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்று போனில் கேட்டாள். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், மூன்று மாதமாக அதைத் தொடவில்லை. பிரியாணி செய்தாலும் பாதியில் எழுந்துவிடுகிறான். 450 மார்க் எடுத்தால் கியர் சைக்கிள் என்று அப்பா சொன்னதற்கு, "வேணாம்ப்பா" என்றானாம். வீட்டில் எல்லோரும் அதைத் திமிர் என்கிறார்கள்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: அன்ஹிடோனியா. இன்பத்தை உணரும் திறன் குன்றிப் போவது. ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் 1896-இலேயே வைத்த பெயர்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 'இமேஜன்' என்ற திட்டத்தில் இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனியைச் சேர்ந்த 14 வயதுப் பிள்ளைகளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து ஒரு விளையாட்டு கொடுத்தார்கள். திரையில் முதலில் ஒரு குறி வரும்: இப்போது புள்ளி கிடைக்கலாம். பிறகு சட்டென்று பட்டனை அழுத்த வேண்டும். பரிசை எதிர்பார்க்கும் அந்தச் சில நொடிகளில் மூளையின் அடிப்பகுதியில் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற இடம் சுறுசுறுப்பாகும். ஆர்வம் குன்றிய பிள்ளைகளிடம் அந்தச் சுறுசுறுப்பு குறைவாக இருந்தது. வெறும் சோகம் மட்டும் இருந்தவர்களிடம் அப்படி இல்லை. 14 வயதில் நன்றாக இருந்து, 16-இல் மனச்சோர்வில் விழுந்தவர்களிடமும் முன்கூட்டியே அது குறைவாக இருந்தது. உடனே ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். இது கூட்டத்தின் சராசரி. ஒரு தனிப் பிள்ளைக்கு ஸ்கேனை வைத்து முடிவு சொல்ல முடியாது.

இன்னொன்று, விலங்கியல் வாத்தியாருக்குப் பிடித்த எலிக்கதை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெரிட்ஜ், மூளையில் டோபமைன் அற்றுப்போன எலிகளைப் பார்த்தார். சாப்பாடு பக்கத்திலேயே இருந்தாலும் அவை தேடிப்போய்த் தின்னாது. ஆனால் வாயில் இனிப்பு நீரை விட்டால் நாக்கைச் சுழற்றி ரசிக்கும்! ரசிப்பது வேறு, நாடுவது வேறு. நண்பன் இழுத்துப்போனால் அந்தப் பையனும் அரை மணி நேரம் சிரித்து விளையாடுகிறானாம். "பாத்தீங்களா, எல்லாம் நடிப்பு" என்கிறார் தாத்தா. நடிப்பில்லை ஐயா. போன பிறகு சிரிக்க முடிகிறது. போக வேண்டும் என்று எழுகிற அந்த உந்துதல்தான் வரவில்லை.

இவனிடம் பரிசைப் பெரிதாக்கி என்ன பயன்? சைக்கிள் வேண்டாம் என்பவனுக்கு பைக் என்றால் ஆசை வந்துவிடுமா? டீடாக்ஸ் இன்னும் மோசம். டோபமைன் கழுவித் தள்ளுகிற அழுக்கு இல்லை. மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நண்பனையும் பிடுங்கினால் அவனுக்கு என்ன இருக்கும்? உளவியலாளர்கள் செய்கிற சிகிச்சை நேர்எதிர். ஆசை வரட்டும் என்று காத்திராமல், பத்து நிமிட நடை, ஒரு ஓவர் பந்து என்று சின்னச் சின்னதாகச் செய்யவைத்து, மெல்லக் கூட்டுவார்கள்.

எனக்கு மட்டும் யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. நன்றாகப் படம் வரையும் மாணவன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பில் வரைவதையே விட்டுவிட்டான். சென்டம் எடுத்தால் பேனா தருவதாகச் சொன்னேன். பேனாவைப் பார்த்துவிட்டு "சரி சார்" என்றான், அவ்வளவுதான். "சோம்பேறி" என்று ரேங்க் கார்டில் சிவப்பு மையில் எழுதியது இந்தக் கைதான். அடுத்த வருடம் அவன் வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

பிடித்தவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆர்வமில்லை, தூக்கமும் பசியும் மாறியிருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, இரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 'டெலி மானஸ்' எண் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். "வாழவே பிடிக்கல" என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், தனியே விடாதீர்கள். 'பைத்தியத்துக்கு வைத்தியமா' என்று கேட்கிற சொந்தக்காரர்களை என் நம்பருக்கு அனுப்புங்கள்.

அவள் திங்கட்கிழமை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறாள். பேட்டைப் பரணில் போட்டுவிடாதே, கண்ணில் படும்படி வாசலிலேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.