தெர்மோஸ்டாட் மேல் ஏன் இத்தனை கோபம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடானால் போதும், "முதல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்க சார்" என்று யாராவது ஒரு மேதாவி சொல்லிவிடுகிறார். கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்பும். சூடேறியதும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். கூடவே பைபாஸை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே உள்ளே திரும்பும். சூட்டைத் தணிக்கச் செய்த வைத்தியமே சூட்டை ஏற்றும்!

அடைத்துப்போன ரேடியேட்டர், வலுவிழந்த பிரஷர் மூடி, தளர்ந்த பெல்ட், தப்பான இக்னிஷன் டைமிங் – இதையெல்லாம் பார்க்கச் சோம்பல். சின்ன உறுப்பின் மேல் பழி போடுவது சுலபம்.

சந்தேகமிருந்தால் அதைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு தண்ணீரில் போட்டுச் சுட வையுங்கள். அதில் குறித்திருக்கும் சூட்டில் திறந்தால் அது நிரபராதி. மாட்டிவிட்டு வேறிடத்தில் தேடுங்கள். திறக்காவிட்டால், பைபாஸை அடைக்கும் அதே வகையில் புதிது வாங்கிப் போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக மட்டும் விடாதீர்கள்.