சீருடையைக் கழற்றிய பின்னர் இன்னொரு சீருடை: ரஷ்யாவுக்குப் போன நம் நாட்டுச் சிப்பாய்கள்

பலாபத்வலைச் சந்தியில் ஏ9 வீதியிலிருந்து கலேவெலைப் பக்கம் பாதை பிரிகிறது. அந்தப் பக்கமாக மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பது என் தொழில். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், எனக்கு வழமையாக மிளகு கொண்டுவரும் சிங்களச் சகோதரர் ஒருவர் கையில் மிளகு மூட்டை எதுவுமின்றி வந்தார். இராணுவத்தில் 22 வருடங்கள் இருந்து கோப்ரலாக ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் வந்த ஒரு ஆவணத்தைக் காட்டி, "நானா, நீங்க வெளிநாட்டுல இருந்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் இருந்தது சவூதியில். அவர் காட்டியதோ ரஷ்ய எழுத்து. ஒரு எழுத்துக்கூட எனக்கு விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை. "இதுல என்ன எழுதியிருக்கு மல்லி?" என்று கேட்டேன். முகாமொன்றில் சமையலறை உதவியாளர் வேலை, சம்பளம் டொலரில், பிறகு குடியுரிமையும் கிடைக்கும் என்று சொன்னார்கள் என்றார். சொன்னது யார் என்று கேட்டபோது, "எங்க சேர் ஒருத்தர்" என்றார். அந்த 'சேர்' என்ற சொல் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

அவருக்கு நான் பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சவூதிக்கு நான் முதன்முதலாகப் போனபோது சாரதி வேலை என்று சொல்லி அழைத்துப்போய் ஆட்டுப்பட்டியில் விட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொன்னேன். ஆட்டுப்பட்டியிலிருந்து எப்படியோ நான் திரும்பி வந்துவிட்டேன். பதுங்குகுழியிலிருந்து திரும்பி வருவது எப்படி என்று அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சில மாதங்களில் செய்தி நாடெங்கும் பரவியது. 2024 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரேமித பண்டார தென்னகோன், ஓய்வுபெற்ற படையினர் 288 பேர் இவ்வாறு போருக்குச் சென்றுள்ளதாகவும் அவர்களில் 16 பேர் உயிரிழந்துள்ளதாகவும் அறிவித்தார். முகவர்களாகச் செயற்பட்டதாக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரும் சார்ஜன்ட் ஒருவரும் கைது செய்யப்பட்டனர். ஜூன் மாதம் வெளிவிவகார இராஜாங்க அமைச்சர் தாரக பாலசூரிய தலைமையில் ஒரு குழு மொஸ்கோவுக்குப் போனது. ஆட்சி மாறிய பின்னர், 2025இன் ஆரம்பத்தில், வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் வேறு கணக்கொன்றைச் சொன்னார். ஜனவரி 20 வரை ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தோர் 59 பேர் என்பதே அது. போனவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் மரணித்திருக்கிறார்கள். நமது முப்பது வருட யுத்தத்தின் கொடிய மாதங்களில்கூட ஒரு பட்டாலியனில் இப்படி இழப்பு ஏற்பட்டிருந்தால் தளபதி பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். இங்கே பதில் சொல்ல எவருமில்லை.

உக்ரைன் பக்கமும் போனவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் அங்கே வெளிநாட்டவர் படைப்பிரிவில் இருந்த இலங்கையர் மூவர் ஒரே தாக்குதலில் கொல்லப்பட்டனர். ஒரே முகாமில் பயிற்சி பெற்று ஒரே குவளையில் தேநீர் குடித்தவர்கள், மூன்றாவது நாடொன்றின் மண்ணில் ஒருவரையொருவர் சுடும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்கு நம்ப முடியாமல் இருக்கிறது.

அவர்கள் போனதற்குக் காரணம் வறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். 2022 ஏப்ரலில் நாடு கடன் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. கோப்ரல் ஒருவரின் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பாடசாலைச் செலவைக்கூடப் பார்க்க முடியாத காலம் அது. அடுத்த ஜனவரியில் அரசாங்கம் இராணுவத்தின் ஆளணியைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்த எண்ணிக்கை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்றார்கள். இந்த அறிவிப்பையும் சொன்னவர் அதே பிரேமித பண்டார தென்னகோன்தான், அப்போது எங்கள் மாத்தளை மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். படையைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்த நாவே பதினாறு மாதங்களுக்குப் பிறகு மரணக் கணக்கையும் வாசிக்க வேண்டி வந்தது. அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு திட்டம் இல்லாமல் போனது, அதைத்தான் சொல்கிறேன்.

படையைக் குறைப்பது தேவையானது என்பதே என் கருத்து. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களின் பின்னரும் இவ்வளவு பெரிய இராணுவத்தை இந்த நாட்டால் தாங்க முடியாது. ஆனால் 19 வயதில் சேர்ந்து 41 வயதில் வெளியே வரும் ஒருவருக்கு என்ன தொழில் தெரியும்? துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரியும், இரவில் காட்டில் நடக்கத் தெரியும், கட்டளைக்குக் கீழ்ப்படியத் தெரியும். இந்த மூன்றுக்கும் உள்ளூரில் கிடைக்கும் சந்தை வங்கி வாசலில் காவல் நிற்பது மட்டும்தான். வெளியே வேறொரு சந்தை இருக்கிறது, அங்கே விலை டொலரில். அந்த விலைக்குப் போகிறவனை நாம் பேராசைக்காரன் என்கிறோம்.

மற்றப் பாதி, நான் சொன்ன அந்த 'சேர்'. பொதுவாக வெளிநாட்டு முகவரிடம் போகிறவன் கொஞ்சமாவது சந்தேகத்தோடு போவான். நாலு பேரிடம் விசாரிப்பான். முன்னாள் சிப்பாயை முன்னாள் அதிகாரி அழைத்தால் அந்தச் சந்தேகமே எழுவதில்லை. 22 வருடங்கள் "சரி சேர்" என்றே பழகிய நாக்கு அது. ஓய்வுபெறும்போது சீருடையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அந்தப் பழக்கத்தை யாரும் திருப்பி வாங்குவதில்லை. நாவுலயில் விசேட படையணியின் முகாம் இருப்பதால் எங்கள் பகுதியில் படையினரைத் தெரியாதவர்கள் குறைவு. அந்த வகையில் பார்க்கும்போது இதை வெறும் ஆட்கடத்தல் என்பதைவிட நம்பிக்கை மோசடி என்பதே பொருத்தம்.

மற்ற நாடுகளைப் பார்ப்போம். நேபாளம் 2024 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் வேலை அனுமதி வழங்குவதை நிறுத்தியது. இந்தியாவில் மார்ச் மாதம் சீ.பி.ஐ. பல நகரங்களில் முகவர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. உதவியாளர் வேலை என்று நம்பிப் போய்ப் போர்முனையில் மரணித்த ஹைதராபாத் இளைஞர் ஒருவரின் செய்தியும் அந்த மாதத்தில்தான் வந்தது. ஜூலையில் மோடி மொஸ்கோ சென்றபோது புட்டினிடம் நேரடியாக இதைப் பேசினார். அதே நேபாளத்திலிருந்து 1947ஆம் ஆண்டின் முத்தரப்பு ஒப்பந்தத்தின் கீழ் கூர்க்கா இளைஞர்கள் பிரித்தானிய, இந்தியப் படைகளில் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆக, வேறு நாட்டுப் படையில் சேர்வது எப்போதும் இருட்டில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. அங்கே மூன்று அரசுகள் கையொப்பமிட்ட தாள் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, மரணித்தால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்தது. எங்கள் கோப்ரலின் தொலைபேசியில் இருந்ததோ அவரால் வாசிக்க முடியாத ஒரு தாள்.

அந்தத் தாள் யாருடையது என்பதும் உயிர் போகிற விடயம். ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சுடன் ஒப்பந்தம் செய்தவர் அந்நாட்டுப் படைவீரராகிறார், எதிரியிடம் பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பைக் கோரலாம். தனியார் கம்பனியுடன் செய்தவர் கூலிப்படை என்ற வரையறைக்குள் விழக்கூடும். 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறையின் 47ஆம் உறுப்புரையின்படி கூலிப்படையினருக்குப் போர்க்கைதி உரிமை கிடையாது. ஒரு வருட ஒப்பந்தம் செய்யும் வெளிநாட்டவருக்குக் குடியுரிமையை இலகுவாக்கும் ஆணையில் 2024 ஜனவரியில் புட்டின் கையொப்பமிட்டார். முகவர்கள் அதைத்தான் பெரிதாகக் காட்டினார்கள். ஒப்பந்தத்தை நடுவில் முறித்துக்கொண்டு வீடு திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. சுயவிருப்பில் சேர்ந்தார்கள் என்றே ரஷ்யத் தரப்பு சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் கையொப்பமிடுவதில் எவ்வளவு சுயவிருப்பு இருக்க முடியும்? அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் சிறுவயதிலேயே மத்ரஸாவில் கேட்டவர்கள். பணத்துக்கே அவ்வளவு பேணுதல் என்றால், உயிரை எழுதிக் கொடுக்கும் தாளை வாசிக்காமல் விடலாமா?

இது சிங்களப் படையினரின் பிரச்சினை, நமக்கு என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளிவாசல் முற்றத்திலேயே ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டார். படையில் முஸ்லிம்கள் குறைவு என்பது சரிதான். ஆனால் முல்லைத்தீவில் 1996 ஜூலையில் வீழ்ந்து பரம வீர விபூஷணம் பெற்ற கேர்ணல் பஸ்லி லாபிர் நம்மவர். 2005 மே 31இல் பொல்ஹேன்கொடயில் சுட்டுக்கொல்லப்பட்ட கேர்ணல் நிஸாம் முத்தலிப் மலாய் முஸ்லிம். எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையில் நின்று, 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமானபோது அங்கே மாறியவர்களும் நம்மில் பலர் இருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாறிய கதை இந்த நாட்டில் நம்முடையதும்கூட. ஒல்லாந்தருக்காகப் போரிட்ட மலாய்ச் சிப்பாய்கள் 1796க்குப் பின் ஆங்கிலேயர் படைக்கு மாறினார்கள். 1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் படை சரணடைந்தபோது மலாயர் பலர் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பக்கம் சேர்ந்தார்கள். கெப்டன் நூருத்தீன் சேர மறுத்தார், கொல்லப்பட்டார். அதே மாதம் மாத்தளையில் மெக்டோவல் கோட்டையிலிருந்த கெப்டன் மேட்ஜ் தம் ஆட்களோடு திருகோணமலைக்குத் தப்பி நடந்தார். அந்தக் கோட்டையின் வாசல் இன்று மாத்தளையில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசலாக நிற்கிறது. ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் எனக்கு அந்தச் சிப்பாய்களின் நினைவு வரும். 1848 கிளர்ச்சியின்போது மாத்தளைக்கு அனுப்பப்பட்ட சிலோன் ரைபிள்ஸ் படையிலும் மலாயர்தான் முதுகெலும்பு. 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டபோது அவர்களில் பலர் பொலிஸில் சேர்ந்தார்கள். கலைத்த அரசுக்கே அவர்களின் திறமை வேறொரு இடத்தில் தேவைப்பட்டது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு குடியேற்ற அரசு செய்ததை நம் அரசுகளால் செய்ய முடியாமல் போயிற்றா என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வீட்டில் இருப்பவர்களின் நிலை. இறந்தார் என்ற உறுதியும் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்ற குரலும் இல்லை. இந்த நிலையை நம் மார்க்க அறிஞர்கள் 'மஃப்கூத்' என்ற தலைப்பில் நீண்ட காலமாகப் பேசி வந்திருக்கிறார்கள். மரணம் உறுதியாகாத மனைவிக்கு இத்தா தொடங்குவது எப்போது, சொத்துப் பிரிப்பது எப்போது என்பதெல்லாம் அதில் வரும். வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் போனவர்களின் தாய்மாருக்கு இது புதிய வேதனையல்ல. இப்போது கம்பளையிலும் குருநாகலையிலும் உள்ள சிங்களக் குடும்பங்களும் அதே வரிசையில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பா போகவென்று புறப்பட்ட இளைஞர்கள் ரஷ்யப் படையில் சிக்கியதாக அவர்களின் உறவினர்களும் முறையிட்டிருக்கிறார்கள். மூன்று சமூகங்களும் ஒரே துயரத்தைத் தனித்தனியாக அனுபவிப்பது இந்த நாட்டில் புதிதல்லவே.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஓய்வுபெறும் கடைசி இரண்டு வருடங்களில் ஒவ்வொரு சிப்பாயும் ஒரு தொழிலைக் கற்று வெளியேற வேண்டும்: கனரக வாகனம், மின்னிணைப்பு, தாதியியல், எதுவாயினும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இலிருந்து இயங்குகிறது. எந்த மொழியில் ஒப்பந்தம் வந்தாலும் சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்த்துத் தரும் ஒரு மேசையை மாவட்டத்துக்கு ஒன்றாக அது திறக்கலாம். வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அதே மேசை உதவும். சுற்றுலா விசாவில் ஏற்றி, அங்கே இறங்கியதும் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு வேறு தாளில் கையொப்பம் வாங்கும் வித்தையை நம் வீடுகளும் பார்த்திருக்கின்றன. அதைச் செய்த முகவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

என்னிடம் வந்த அந்தக் கோப்ரல் போகவில்லை. என் சவூதிக் கதையால் அல்ல, மனைவி நகையை அடகு வைக்க விடவில்லை என்பதால். அவரோடு ஒரே பிரிவில் இருந்த இருவர் போனார்கள். ஒருவரிடமிருந்து 2024 நோன்புப் பெருநாள் காலத்துக்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. சென்ற வாரம் மிளகு கொண்டுவந்தபோது கேட்டேன். அந்த 'சேரின்' இலக்கம் இப்போது வேலை செய்வதில்லையாம். ஆனால் வேறொரு இலக்கத்திலிருந்து வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லி அழைப்பு வருகிறதாம்.