பசி தணிந்தது, சத்து சேர்ந்ததா?

2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில், 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்து குறைந்த, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு இதன்கீழ் ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கப்படுகிறது. இவ்வயதில் தாய்ப்பால் ஒன்றே உணவு. ஆகவே தாய்க்கு அளிக்கும் ஊட்டமே குழந்தைக்கும் சேர்கிறது.

குறை எங்கே?

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இதனால் பசி பெரிதும் தணிந்தது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. குடற்புழு, மிகுதியான மாதவிடாய்ப் போக்கு ஆகியனவும் இதற்குக் காரணங்களே. ஆயினும், அரிசி மட்டுமே நிறைந்த தட்டில் இரும்புச்சத்து போதாது.

வயலும் தட்டும்

கம்பு, சோளம், வரகு விளைந்த அரியலூர், பெரம்பலூர் மானாவாரி நிலங்களில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் மிகுந்துள்ளன. மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனமாகிறது. உழவரைக் குறைகூற இயலாது. உறுதியாக விற்கும் பயிரையே அவர் விதைப்பார். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கியது. இத்தகைய கொள்முதல் இங்கும் விரிந்தால், உழவருக்கு வருவாயும் தாய்க்குச் சத்தும் ஒருங்கே கிட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• குழந்தையின் எடையை அங்கன்வாடியில் மாதந்தோறும் பார்க்கவும்.
• கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ளவும். அதனுடன் தேநீர் அருந்த வேண்டாம்.
• கம்பு, பயறு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் ஆகியவற்றை உணவில் சேர்க்கவும்.